மாடியில் சோலார், துறைமுகத்தில் எண்ணெய்க் கப்பல்

கேள்வி கேட்டவர் மதுரைக்காரர். வீட்டு மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டிருக்கிறார். அவர் கேட்டதைச் சுருக்கினால் இப்படி வரும்: "நாடு முழுக்க சோலார் 1 லட்சம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது என்கிறார்கள். காற்றாலையும் 50 ஆயிரம் மெகாவாட் இருக்கிறது. ஆனால் கச்சா எண்ணெய் இறக்குமதி மட்டும் வருஷா வருஷம் ஏறிக்கொண்டே போகிறது. எங்கே இடிக்கிறது? வெளிநாட்டு எண்ணெயை நம்பிப் பிழைக்கும் நிலை எப்போது மாறும்?"

சுருக்கமாகச் சொன்னால், உங்கள் மாடியில் இருக்கும் சோலார் மிச்சப்படுத்துவது நிலக்கரியை. எண்ணெய்க்கும் அதற்கும் அநேகமாக ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எரிசக்தி என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுவதால் எல்லாம் ஒரே பானையில் கிடப்பதுபோலத் தோன்றுகிறது. உண்மையில் மின்சாரமும் எண்ணெயும் இரண்டு தனித்தனிக் கணக்குப் புத்தகங்கள். ஒன்றில் வரவு வைத்தால் இன்னொன்றில் கடன் குறையாது.

நான் சுத்திகரிப்பு ஆலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவன். எதையும் ஆலைக்குள்ளிருந்தே பார்த்துப் பழகிவிட்டேன். அந்தச் சாய்வு இந்தப் பதிலில் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மின்சாரப் புத்தகம். இந்தியாவில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு நிலக்கரியில் வருகிறது. மீதி நீர், காற்று, சூரியன், கொஞ்சம் எரிவாயு, 3 சதவீதம் அளவுக்கு அணு உலை. எண்ணெயை எரித்து எடுக்கும் மின்சாரம் 100 யூனிட்டில் ஒரு யூனிட்கூடக் கிடையாது. அந்தமான், லட்சத்தீவு மாதிரி இடங்களில் டீசல் ஜெனரேட்டர் ஓடும், அவ்வளவுதான். அப்படியிருக்க மதியம் 12 மணிக்கு உங்கள் பேனல் ஊருக்குள் மின்சாரத்தை அனுப்பும்போது எங்கோ ஓர் அனல் மின் நிலையம் தன் சூட்டைக் கொஞ்சம் தணித்துக்கொள்கிறது. எண்ணெய்க் கப்பலுக்கு அந்தச் செய்தியே போய்ச் சேராது. கூடங்குளத்தில் இன்னும் நாலு உலை கட்டுகிறார்களே, அதுவும் இந்தப் புத்தகத்தில்தான் சேரும்.

எண்ணெய்ப் புத்தகத்தில் இருப்பவர்கள் வேறு ஆட்கள். 2024-25இல் நாடு பயன்படுத்திய பெட்ரோலியப் பொருட்கள் சுமார் 24 கோடி டன். அதில் டீசல் மட்டும் 9 கோடி டன்னுக்கு மேல். பெட்ரோல் 4 கோடி, சமையல் எரிவாயு 3 கோடிக்குக் கொஞ்சம் கூடுதல். மிச்சம் விமான எரிபொருள், பிளாஸ்டிக்குக்கு மூலமான நாப்தா, ரோடு போடும் தார் என்று பிரிந்துபோகிறது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் அடுப்புக்கும் தாருக்கும் உங்கள் மாடி மின்சாரம் எப்படிப் போகும்? அதற்கு வழி போட்டால்தான் போகும். அந்த வழி எங்கெங்கே போடப்படுகிறது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

இதே பேனலை யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டு மாடியில் வைத்தால் கதை வேறு. இலங்கையில் மின்சாரத்தின் கணிசமான பங்கு டீசலிலும் உலை எண்ணெயிலும் வந்தது. மழை பொய்த்து அணைகளில் நீர் குறைந்தால் அந்தப் பங்கு இன்னும் கூடும். 2022இல் கையில் டாலர் இல்லாமல் போனபோது பெட்ரோல் வரிசையும் மின்வெட்டும் சேர்ந்தே வந்தது அதனால்தான். அந்த மார்ச் மாதக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணி நேர மின்வெட்டு. பிறகு பெட்ரோலை அளந்து கொடுக்கக் கியூஆர் அட்டை வந்தது. மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லிட்டர், முச்சக்கர வண்டிக்கு 5 லிட்டர் என்று தொடங்கினார்கள். அங்கே ஒவ்வொரு சோலார் பேனலும் நேராக எண்ணெய் இறக்குமதியில் கை வைக்கும். நம்மிடம் அந்த நேர்வழி கிடையாது.

சரி, நம் எண்ணெய்க் கணக்கு எவ்வளவு மோசம்? தேவையில் சுமார் 88 சதவீதம் வெளியிலிருந்து வருகிறது. 2015இல் மத்திய அரசு ஓர் இலக்கு அறிவித்தது: அப்போது 77 சதவீதமாக இருந்த சார்பை 2022க்குள் 67 ஆகக் குறைப்போம் என்று. குறையவில்லை, எதிர்ப்பக்கம் பத்துப் படி ஏறியது. அரசு சும்மா இருந்தது என்று சொல்ல மாட்டேன். நாட்டுக்குள் எடுக்கும் எண்ணெய் 2011-12இல் 3.8 கோடி டன் இருந்தது, இப்போது 2.9 கோடி டன்னுக்கும் கீழே. வண்டிகள் பெருகின, கிணறுகள் வற்றின. இரண்டு பக்கமும் இழுத்தால் கயிறு எங்கே நிற்கும்?

விலையைப் பார்ப்போம். ஆண்டுக்கு 24 கோடி டன் கச்சா எண்ணெய் இறக்குமதி. ஒரு டன்னுக்கு 7.3 பீப்பாய் என்று வைத்தால் 175 கோடி பீப்பாய். பீப்பாய்க்கு ஒரே ஒரு டாலர் ஏறினாலும் ஆண்டுக்கு 175 கோடி டாலர் கூடுதல், நம் பணத்தில் சுமார் 15 ஆயிரம் கோடி ரூபாய். நம் ஆலைகள் டீசல், பெட்ரோலை ஏற்றுமதியும் செய்வதால் அதில் கொஞ்சம் திரும்பி வரும். இருந்தாலும் அடி அடிதான். 1990 ஆகஸ்டில் சதாம் உசேன் குவைத்துக்குள் புகுந்தார், எண்ணெய் விலை ஏறியது, வளைகுடாவிலிருந்து நம்மவர்கள் அனுப்பும் பணமும் நின்றது. அடுத்த ஆண்டு இந்தியா சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டு வங்கிகளில் அடகு வைத்தது. வீட்டில் வளையலை எடுத்துக்கொண்டு அடகுக் கடைக்குப் போவதுபோலத்தான். அந்த நெருக்கடிக்கு வேறு காரணங்களும் உண்டு, கடைசியாக முதுகில் ஏறிய மூட்டை எண்ணெய்.

அப்புறம், 'சார்பைக் குறைப்பது' என்பதில் இரண்டு வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன. யாரிடம் வாங்குகிறோம் என்பது ஒன்று. என்ன வாங்குகிறோம் என்பது இன்னொன்று. முதலாவதை இந்தியா நன்றாகவே செய்தது. முன்பு 27 நாடுகளிலிருந்து வாங்கினோம், இப்போது 40 என்று அமைச்சகம் சொல்கிறது. உக்ரைன் போருக்கு முன் நம் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீத அளவில்தான் இருந்தது. 2023-24இல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டியது. தள்ளுபடியில் கிடைத்தது, வாங்கினோம். ஆலைக்காரனாக எனக்கு அதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் கடையை மாற்றினாலும் கடன் பழக்கம் போகாது. 2025 ஆகஸ்டில் ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி அமெரிக்கா இந்தியப் பொருட்கள் மீது இன்னொரு 25 சதவீத வரி போட்டு மொத்தத்தை 50 ஆக்கியது. அடி விழுந்த இடம் எது? திருப்பூர். குஜராத் கடற்கரையில் ஒரு டேங்கரிலிருந்து இறங்கும் எண்ணெய்க்காகக் கொங்கு நாட்டில் பனியன் ஆர்டர் நின்றது. 2019இலும் இப்படித்தான். அமெரிக்கா தந்திருந்த விலக்கு அந்த மே மாதம் முடிந்ததும் ஈரானிடம் வாங்குவதை நிறுத்தினோம். மணலியில் இருக்கும் ஆலையின் வரலாறு தெரிந்தவர்களுக்கு அது இன்னும் வேடிக்கையாக இருக்கும். 1965இல் இந்திய அரசு, அமெரிக்காவின் அமோகோ, ஈரான் தேசிய எண்ணெய் நிறுவனம் மூவரும் கூட்டாளிகளாகச் சேர்ந்து தொடங்கியது அது. ஈரானும் அமெரிக்காவும் சென்னையில் ஒரே ஆலையில் பங்குதாரர்களாக உட்கார்ந்திருந்த காலம் ஒன்று இருந்தது.

சேமித்து வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வைத்திருக்கிறோம். விசாகப்பட்டினம், மங்களூரு, உடுப்பி மாவட்டத்துப் பாதூர் மூன்று இடங்களிலும் தரைக்கு அடியில் பாறையைக் குடைந்து பெரிய குகைகள். உள்ளே இரும்புத் தொட்டி எதுவும் கிடையாது, எண்ணெய் வெறும் பாறைமேல்தான் நிற்கிறது. பாறை விரிசல் வழியாகக் கசிந்துவிடாதா? அதற்குத்தான் குகையை நிலத்தடி நீர்மட்டத்துக்குக் கீழே வெட்டி, மேலே துளை போட்டு எப்போதும் தண்ணீரை விட்டுக்கொண்டே இருப்பார்கள். சுற்றியுள்ள பாறை நீரால் நிறைந்து உள்நோக்கி அழுத்துவதால் எண்ணெய் வெளியே போக வழியில்லாமல் உள்ளேயே நிற்கும். கொஞ்சம் தண்ணீர் உள்ளே கசியும், அதை அடியிலிருந்து இறைத்து எடுத்துவிடலாம். எனக்குப் பிடித்த பொறியியல் அது. 2020இல் கொரோனாவால் விலை தரைமட்டத்துக்கு வந்தபோது பீப்பாய் சராசரி 19 டாலருக்கு வாங்கி இந்தக் குகைகளை நிரப்பினார்கள். ஆனால் மூன்றும் சேர்ந்து 53 லட்சம் டன்தான் பிடிக்கும். நாட்டுத் தேவைக்கு ஒன்பதரை நாள் என்பது அரசின் கணக்கு. எண்ணெய் நிறுவனங்களின் தொட்டிகளில் கிடப்பதையும் சேர்த்தால் 74 நாள் வரை போகும். பஞ்சத்துக்கு அது குதிர் நெல் மாதிரி, அதை வைத்து வெள்ளாமை செய்ய முடியாது.

இதற்கு எப்போதும் எடுத்துக்காட்டாகச் சொல்லப்படுவது பிரான்ஸ். 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. சில மாதங்களில் பீப்பாய் 3 டாலரிலிருந்து 12 டாலரைத் தொட்டது. நம் ஊரில் அடல் பிகாரி வாஜ்பாய் பெட்ரோல் விலையைக் கண்டித்து மாட்டு வண்டியில் நாடாளுமன்றம் போனது அந்த நவம்பரில். பிரான்சில் பிரதமர் பியேர் மெஸ்மெர் 1974 மார்ச்சில் அணு மின் திட்டத்தை அறிவித்தார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் ஐம்பதுக்கும் மேற்பட்ட உலைகள் எழுந்தன. எண்ணெய் சார்பு சட்டென்று குறைந்தது. உண்மைதான். ஆனால் அது எதனால் முடிந்தது என்று பாருங்கள். அன்றைய பிரான்ஸ் மின்சாரத்தின் பெரும் பங்கை எண்ணெயை எரித்து எடுத்தது. ஜப்பான் அதைவிட மோசம், மூன்றில் இரண்டு பங்குக்கு மேல். அவர்கள் மின் நிலையத்தை மாற்றியதும் எண்ணெய் மிச்சமானது. நாம் அந்த மாதிரி எண்ணெயைக் கொளுத்தி மின்சாரம் எடுத்ததே இல்லை, அதனால் அங்கே மிச்சப்படுத்த நமக்கு ஒன்றும் இல்லை. இத்தனை உலை கட்டிய பிரான்சிலும் காருக்கு இன்றும் இறக்குமதி எண்ணெய்தான். 2018இல் மஞ்சள் அங்கி போட்ட போராட்டக்காரர்கள் தெருவுக்கு வந்தது எரிபொருள் வரியை எதிர்த்து.

நமக்குப் பொருந்தும் பாடம் பிரேசிலிடம் இருக்கிறது. நல்லதும் கெட்டதும் சேர்ந்தே. 1975இல் கரும்பிலிருந்து எத்தனால் எடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார்கள். எண்பதுகளின் நடுவில் அங்கே விற்ற புதுக் கார்களில் பத்துக்கு ஒன்பது எத்தனாலில் மட்டுமே ஓடும் கார்கள். பிறகு கச்சா எண்ணெய் விலை விழுந்தது, சர்க்கரை விலை ஏறியது, ஆலைகள் சர்க்கரை பக்கம் சாய்ந்தன. 1989-90இல் பெட்ரோல் பங்க்குகளில் எத்தனால் இல்லை. கார் வாங்கியவன் தலையில் கை வைத்தான். மக்கள் நம்பிக்கை திரும்ப 2003 ஆனது, எதை ஊற்றினாலும் ஓடும் எஞ்சின் வந்த பிறகுதான். ஒரு பொருளை மட்டும் நம்பியிருந்த இடத்தில் இன்னொரு பொருளை மட்டும் நம்பினார்கள், அதுதான் அவர்கள் செய்த பிழை. இன்றைய பிரேசில் எண்ணெய் ஏற்றுமதி செய்யும் நாடு. அது கடலுக்கு அடியில், உப்புப் படலத்துக்குக் கீழே கண்டெடுத்த எண்ணெயால், கரும்பால் அன்று.

நாமும் எத்தனாலில் இறங்கியிருக்கிறோம். 2014இல் பெட்ரோலில் 1.5 சதவீதம் கலந்தோம், 2025இல் 20 ஆகிவிட்டது. அரசு நினைத்ததைவிட ஐந்து ஆண்டு முன்னதாகவே. இது சாதனை என்று ஒப்புக்கொள்கிறேன், ஆனால் முழு மனதாகக் கைதட்ட முடியவில்லை. ஒரு லிட்டர் எத்தனாலில் பெட்ரோலின் மூன்றில் இரண்டு பங்கு சக்திதான் உண்டு, ஆகவே மைலேஜ் கொஞ்சம் குறையத்தான் செய்யும். கரும்புக்குத் தண்ணீர் வேண்டும். கரும்பு போதாமல் மக்காச்சோளத்துக்குப் போனோம். ஏற்றுமதி செய்துவந்த மக்காச்சோளத்தை 2024இல் இறக்குமதி செய்யும்படி ஆயிற்று. நாமக்கல் கோழிப்பண்ணைக்காரர்களைக் கேட்டால் தீவன விலை சொல்வார்கள்.

இன்னொரு சங்கதி, ஆலைக்குள் இருந்தவனுக்கு மட்டும் உறுத்துவது. கச்சா எண்ணெயை உலையில் 350 டிகிரிக்கு மேல் சூடாக்கி உயரமான கோபுரத்துக்குள் விட்டால், லேசானது மேலேயும் கனமானது கீழேயுமாகத் தட்டுத்தட்டாகப் பிரியும். உச்சியில் எரிவாயு, அடுத்து நாப்தா, பெட்ரோல், நடுவில் மண்ணெண்ணெய், விமான எரிபொருள், டீசல், அடியில் தார். இந்த விகிதத்தைக் கொஞ்சம் அப்படி இப்படி மாற்றலாம், முழுக்க மாற்ற முடியாது. தொடைக்கறி மட்டும் வேண்டும் என்பதற்காக ஆட்டில் பாதியை வெட்ட முடியுமா? எத்தனாலும் மின்சார ஸ்கூட்டரும் பெட்ரோலைக் குறைக்கும். ஆனால் லாரி டீசல் கேட்டுக்கொண்டே இருக்கும்வரை ஆலை அதே அளவு கச்சா எண்ணெயை வாங்கும். மிஞ்சிய பெட்ரோலை ஏற்றுமதி செய்யும். அதனால் பண நஷ்டம் குறையும், நல்லதுதான். வளைகுடாவின் குறுகலான கடல் வாசலான ஹோர்முஸ் நீரிணை வழியாக வர வேண்டிய கப்பல்களின் எண்ணிக்கை குறையாது.

ஆக, நம் எண்ணெய்ப் புத்தகத்தின் முதல் பக்கம் டீசல். நாமக்கல், சங்ககிரி லாரிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் ஏற்றிய லாரி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் போனால் ஓட்டுநர் சந்தோஷப்படுவார். நாமக்கல்லிலிருந்து டெல்லி போக 600 லிட்டர். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றனவே, அவை வழியிலும் டீசல் குடிக்கும், நின்ற இடத்தில் துளையிடும்போது அதைவிட அதிகம் குடிக்கும். நாகப்பட்டினம், ராமேசுவரம் விசைப்படகுகள் இன்னொரு பக்கம். இவற்றுக்குப் பேட்டரி போட்டால் ஆகாதா? 40 டன் லாரி ஒன்று 500 கிலோமீட்டர் ஓட 600 யூனிட் அளவுக்குப் பேட்டரி வேண்டும். எடை மூன்றரை, நாலு டன் வரும். அவ்வளவு சரக்கைக் கீழே இறக்கிவிட்டுத்தான் அதை ஏற்ற வேண்டும். துறைமுகத்துக்கும் கிடங்குக்கும் இடையே ஒரே தடத்தில் ஓடும் லாரிக்கு இது சரிப்படும். டெல்லி லாரிக்கு இன்றைய நிலையில் கஷ்டம்.

அங்கே கை கொடுக்கக்கூடியது ரயில். இந்த நாட்டில் எண்ணெயிலிருந்து மின்சாரத்துக்கு மாறிய மிகப் பெரிய வேலை எது என்று கேட்டால் நான் ரயில்வே மின்மயமாக்கலைத்தான் சொல்வேன். அகலப் பாதையில் கிட்டத்தட்ட முழுவதும் மேலே கம்பி வந்துவிட்டது. ஒரு காலத்தில் ரயில்வே மட்டும் ஆண்டுக்கு 250 கோடி லிட்டருக்கு மேல் டீசல் எரித்தது, அது வேகமாகக் கரைந்துவருகிறது. உங்கள் மாடி மின்சாரம் எண்ணெயை நிஜமாகவே இடம்பெயர்க்கும் ஒரே பெரிய வழி இப்போதைக்கு இந்தக் கம்பிதான். இதைப் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை, காரணம் தெரியவில்லை. ஒரு குறை: 1951இல் நாட்டுச் சரக்கில் 85 சதவீதத்துக்கு மேல் ரயிலில் போனது, இன்று 30க்கும் கீழே. கம்பி போட்டாயிற்று, சரக்கு ரோட்டுக்குப் போய்விட்டது. தனிச் சரக்குப் பாதைகள் வடக்கிலும் மேற்கிலும் வந்திருக்கின்றன. தெற்குக்கு இன்னும் இல்லை.

இரண்டாவது பக்கம் அடுப்பு. உங்கள் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு. நாட்டுத் தேவையில் 60 சதவீதம் இறக்குமதி என்பதால், அதில் எட்டரைக் கிலோ கப்பலில் வந்தது என்று வைத்துக்கொள்ளலாம். பெரும்பகுதி கத்தார், அமீரகம், குவைத், சவூதியிலிருந்து, ஹோர்முஸ் வழியாக. நம் ஆலைகளில் கச்சா எண்ணெயைப் பிரித்தால் 100க்கு நாலைந்துதான் எரிவாயு கிடைக்கும். கச்சா எண்ணெய்க்காவது குகை இருக்கிறது, ரஷ்யா இருக்கிறது. சமையல் எரிவாயுவுக்கு அந்த அளவு கையிருப்பும் இல்லை, மாற்றுக் கடையும் குறைவு. 2016க்குப் பிறகு உஜ்வலா திட்டத்தில் 10 கோடிக்கு மேல் ஏழை வீடுகளுக்கு இணைப்பு போனது. விறகுப் புகையிலிருந்து பெண்கள் தப்பித்தார்கள், அதற்குக் கொடுத்த விலை இந்த இறக்குமதி. கொடுக்கத் தகுந்த விலைதான்.

இப்போது மாற்று என்ன? இண்டக்‌ஷன் அடுப்பு. கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு சிலிண்டரில் இருக்கும் வெப்பம் 180 யூனிட்டுக்குச் சமம். கேஸ் அடுப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாத்திரத்தைச் சுற்றி வீணாகும், இண்டக்‌ஷனில் அவ்வளவு வீணாகாது. ஆகவே ஒரு சிலிண்டர் சமையலுக்கு 140 யூனிட் போதும். சிக்கல் வேறு இடத்தில். ராத்திரி 7 மணிக்குத் தெருவில் எல்லாரும் தோசை ஊற்ற ஆரம்பித்தால் வீட்டுக்கு 2 கிலோவாட் ஒரே நேரத்தில் ஏறும். அப்போது சூரியன் கிடையாது. ஆடி மாதமானால் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று கை கொடுக்கும், மார்கழியில் அதுவும் இல்லை. பகல் மின்சாரத்தைக் கொண்டு தண்ணீரை மேலே ஏற்றி வைத்து ராத்திரி இறக்கும் காடம்பாறை மாதிரி நிலையங்கள் நிறைய வேண்டும். 400 மெகாவாட் திறனோடு அது எண்பதுகளின் கடைசியிலிருந்தே இருக்கிறது, இன்னொன்று குந்தாவில் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அதோடு, சிலிண்டருக்குப் பதில் மின்சாரம் எரித்தால் மின்கட்டணத்தில் மேல் படிக்குப் போய்விடுவோமே என்ற பயம் நடுத்தர வீட்டுக்கு உண்டு. அதை மின்வாரியம் சரிசெய்யாதவரை இண்டக்‌ஷன் பரணில்தான் இருக்கும், கேஸ் தீர்ந்துபோன அவசரத்துக்கு இறங்கும்.

சொந்த எண்ணெய் எடுத்தால் என்ன என்றும் கேட்பீர்கள். 1974இல் மும்பைக் கடலில் மும்பை ஹை எண்ணெய் வயல் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம், 2004இல் ராஜஸ்தானின் பார்மர் இன்னொன்று. இரண்டும் முதிர்ந்துவிட்டன. காவிரிப் படுகையில் நரிமணம் பக்கம் எடுப்பது நாட்டுத் தேவையில் ஒரு சதவீதத்தைக்கூட எட்டாது. 2020இல் டெல்டாவை வேளாண் மண்டலமாக அறிவித்துப் புதிய துரப்பணத்தைத் தடுத்தார்கள். அதனால் நாட்டின் எண்ணெய்ப் பாதுகாப்பு போயிற்று என்று சொல்பவர்கள் இந்த அளவைப் பார்க்க வேண்டும். தேடுவதை நிறுத்தச் சொல்லவில்லை. அதை நம்பி உட்கார முடியாது.

பெட்ரோலுக்கு நல்ல செய்தி இருக்கிறது. இந்தியாவில் பெட்ரோலில் ஐந்தில் மூன்று பங்கை இருசக்கர வாகனங்கள்தான் குடிக்கின்றன என்று சில ஆண்டுகளுக்கு முன் எண்ணெய் அமைச்சகத்துக்காக எடுத்த ஆய்வில் தெரிந்தது. கார்தான் குடிக்கிறது என்று நினைப்போம். ஸ்கூட்டரை மின்சாரத்துக்கு மாற்றுவது காரைவிடச் சுலபம், வீட்டு பிளக்கில் சார்ஜ் ஏறும். புதிதாக விற்கும் மூன்று சக்கர வண்டிகளில் பாதிக்கு மேல் ஏற்கெனவே மின்சாரம். இருசக்கரத்தில் 2024-25இல் நூற்றுக்கு ஆறுதான். ஓசூர், போச்சம்பள்ளி மின்சார ஸ்கூட்டர் ஆலைகள் வேகமெடுத்தால் இந்த எண்ணிக்கை சீக்கிரம் மாறும்.

உடனே ஒருவர் எழுந்து, "எண்ணெய்க்கு அரபு நாடு, பேட்டரிக்கும் பேனலுக்கும் சீனா, என்ன வித்தியாசம்?" என்பார். நியாயமான கேள்வி. சோலார் பேனல் செய்யும் ஒவ்வொரு கட்டத்திலும் உலக உற்பத்தியில் 80 சதவீதத்துக்கு மேல் சீனாவிடம் இருக்கிறது. 2025 ஏப்ரலில் மோட்டார் காந்தத்துக்கான அரிய மண் பொருட்களுக்கு அவர்கள் கட்டுப்பாடு போட்டதும் நம் வண்டி ஆலைகள் திண்டாடின. ஆனாலும் வித்தியாசம் உண்டு. தினமும் பால் வாங்குவதும் கறவை மாடு வாங்குவதும் ஒன்றா? பால்காரர் வராவிட்டால் நாளைக் காலை காபி இல்லை. மாட்டு வியாபாரியோடு சண்டை வந்தால் அடுத்த மாடு வாங்க முடியாது, கொட்டிலில் நிற்கும் மாடு கறந்துகொண்டிருக்கும். பேனல் 25 வருஷம் கறக்கும். அதற்குள் நாமே செய்யக் கற்றுக்கொள்ள நேரம் இருக்கிறது. கற்றுக்கொள்வோமா என்பது வேறு பேச்சு.

யாரும் சத்தமாகச் சொல்லாத ஒரு தடை: வரி. மத்திய, மாநில அரசுகள் இரண்டும் சேர்ந்து பெட்ரோல், டீசல் உள்ளிட்ட எண்ணெய்த் துறையிலிருந்து ஆண்டுக்கு 5 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் எடுக்கின்றன. எண்ணெய் சார்பைக் குறைப்போம் என்று மேடையில் பேசும் அதே அரசின் நிதித்துறைக்கு, எண்ணெய் விற்பனை குறைந்தால் வயிறு கலங்கும்.

எப்போது விடுபடுவோம் என்று கேட்டீர்கள். ஆண்டு சொல்லி என்னால் ஏமாற்ற முடியாது. சோலார் எத்தனை மெகாவாட் என்ற செய்தியைப் பார்க்காதீர்கள், மாதாமாதம் வரும் டீசல் விற்பனை எண்ணைப் பாருங்கள். அது இறங்க ஆரம்பித்தால் எண்ணெய்ப் புத்தகத்தில் கடன் அடைபடுகிறது என்று அர்த்தம்.

உங்கள் மாடிக்கு வருவோம். 3 கிலோவாட் மதுரை வெயிலுக்கு நாளைக்குச் சராசரி 12 யூனிட் தரும். நீங்கள் ஸ்கூட்டரில் தினம் 30 கிலோமீட்டர் போகிறவர் என்றால், மின்சார ஸ்கூட்டருக்கு அதில் ஒரு யூனிட் போதும். லிட்டருக்கு 45 கொடுக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர் அதே தூரத்துக்கு ஆண்டில் 240 லிட்டர் குடித்திருக்கும். ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் என்று கழித்தாலும் 190 லிட்டர் சுத்தப் பெட்ரோல், ஒரு பீப்பாய்க்கும் (159 லிட்டர்) மேலே. அந்த ஒரு யூனிட் எண்ணெய்க் கணக்கில் போய்ச் சேரும். மீதி 11 யூனிட் வழக்கம்போல நிலக்கரிக் கணக்கில் வரவாகும்.